கிரேன் பெட்டியில் இருந்த கை

எதிர்வீட்டுப் பையன் பரிசுத்தாளை நாலாகக் கிழித்தெறிந்துவிட்டு அந்தப் பெரிய அட்டைப்பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். ஒரு ஓரமாகக் கேக் தட்டோடு நின்றிருந்த மிளகு, "ஐ, அது நான்!" என்றாள்.

கூடத்தில் இருந்த எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். மஞ்சள் கிரேன் ஒன்று. அதன் பக்கத்தில் நீலச்சட்டை போட்ட ஒரு பையன், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தபடி கிரேனின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் 'குட்டி இன்ஜினியர்' என்று கொட்டை எழுத்து. காலடியில் 'அவன் கட்டுவான், ஊரே வியக்கும்!'

"இது பையன்டீ. கண்ணு தெரியலையா?" என்றான் பிறந்தநாள்காரன்.

"மூஞ்சி நான் இல்ல. கை நான். கை என்னோடது."

பெரியவர்கள் சிரித்தார்கள். சோபாவில் இருந்த யாரோ, "கால் யாரோடதும்மா, அப்பாவோடதா?" என்று கேட்க, சிரிப்பு இன்னும் கூடியது. பெரியவர்கள் சிரித்தால் குழந்தைகளுக்குக் கேட்கவா வேண்டும். "பொய்க்காரி, பொய்க்காரி" என்று ஒருவன் ஆரம்பிக்க மற்றவை கூடச் சேர்ந்துகொண்டன. மிளகு கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைக் காட்டுவதற்காகப் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். தன் கிரேனைப் பிடுங்க வருகிறாள் என்று நினைத்து அவன் விடவில்லை. பெட்டியின் மூலை கிழிந்தது. பையன் ஓவென்று அழுதான்.

கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மிளகின் அம்மாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. அவள் வேலை பார்ப்பது வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில். விபத்துக்குள்ளான வண்டிகளின் போட்டோக்கள் அவள் மேஜைக்கு வரும். நிஜமாகவே மோதியதா, பழைய நசுங்கலைப் புதுசு என்று சொல்கிறார்களா, வேறு வண்டியின் படத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. வருஷக்கணக்கில் இதையே பார்த்துப் பார்த்து, மனிதர்கள் வாயைத் திறந்தாலே எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கும் என்கிற எண்ணம் அவளுக்குள் உட்கார்ந்துவிட்டது. அலுவலகத்தில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். வீட்டிலும் அதேதான். பால் பொங்கி வழிந்தால்கூடக் கணவன், "சி.ஐ.டி. வர்றதுக்குள்ள தொடச்சிடுவோம்" என்று மகளிடம் சொல்வான். அதை நம்பி மிளகு, எங்கம்மா போலீஸ் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். போன மாதம் டீச்சர் அதைச் சொல்லிச் சிரித்தபோது, அம்மாவால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. இந்த வயதில் போலீஸ், அடுத்து என்ன என்று யோசித்தபடிதான் வீட்டுக்கு வந்தாள். பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததால் மிளகு என்று கூப்பிடப்பட்டவள், இப்போது ஏழு வயதில், ஊரார் வீட்டுக் கூடத்தில் நின்று பொய் சொல்கிறாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அவள் மகளை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"சொல்லு. எதுக்கு அப்படிச் சொன்ன?"

"நிஜமாம்மா. சித்தியோட போட்டோ எடுக்கப் போனேன்ல? அன்னிக்குத்தான்."

அந்த நாள் அவளுக்குத் தெரியும். அவள் தங்கை விளம்பர கம்பெனியில் இருக்கிறாள். விளையாட்டுச் சமையல் செட்டுக்குப் படம் எடுக்க வேண்டிய குழந்தைக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் மிளகைக் கேட்டாள். அம்மாவுக்கு அன்று அலுவலகம். கணவன்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தான். அந்தச் சமையல் செட்டின் பெட்டி இதோ, கூடத்து அலமாரியில் இருக்கிறது. ரோஸ் நிற கவுனில் மிளகு ஒரு குட்டி வாணலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். 'அம்மா மாதிரியே சமைப்பேன்!' என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுக் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த வீட்டில் சமைப்பவன் அவன்தான். அவள் அடுப்பைப் பற்ற வைத்தாலே மிளகு ஜன்னலைத் திறந்து வைப்பாள்.

"அன்னிக்கு எடுத்தது கிச்சன் செட்."

"அதுக்கப்புறம் கிரேனும் எடுத்தாங்க. நான்தான் சுத்தினேன்."

"என்ன டிரஸ் போட்டிருந்த?"

"ரோஸ் கவுன்."

"பெட்டில நீலச்சட்டை இருக்கே?"

"தெரியல."

"கிரேன் சுத்தினப்ப யாரு கூட இருந்தாங்க?"

"ஒரு அண்ணா. அழுதுட்டே இருந்தான். அப்புறம்... தெரியலம்மா."

"கவுன் எப்படிச் சட்டையாச்சு?"

"தெரியல."

ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பது அவள் தொழில். மூன்று தடவையும் தெரியல என்றால் அவள் கணக்கில் ஒரே அர்த்தம்தான். தங்கைக்கு போன் போட்டாள். மணி அடித்து நின்றது. கிரேன் படமும் எடுத்தீங்களா என்று எழுதிக் கேட்டாள். பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'மீட்டிங்ல இருக்கேன்க்கா. கிரேனா? எனக்கு ஞாபகம் இல்ல.' அதையும் மகளிடம் காட்டினாள்.

சமையலறையில் கணவன் எதையோ கிளறிக்கொண்டிருந்தான். மிளகு எட்டி அப்பாவின் முதுகைப் பார்த்தாள். கரண்டிச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது. "விடேன், சின்னப் பொண்ணு" என்றான், திரும்பாமலே.

"சின்ன வயசுலேயே விட்டா அப்புறம் பிடிக்க முடியாது."

மிளகைக் கையோடு எதிர்வீட்டுக்கு அழைத்துப்போனாள். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்ததும், சொல்லிக் கொடுத்தபடி மிளகு சொன்னாள். "நான் பொய் சொல்லிட்டேன் ஆன்ட்டி. ஸாரி." அந்த அம்மா குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "ஐயோ, குழந்தைங்கன்னா அப்படித்தான்" என்றாள். மிளகு அழவில்லை. அது அம்மாவுக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் மிளகு கிரேன் பேச்சை எடுக்கவே இல்லை. அலமாரியில் இருந்த சமையல் செட் பெட்டியை மட்டும் யாரோ சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அம்மா நேராக்கினாள். மறுநாள் மறுபடி திரும்பியிருந்தது. யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரம் அலுவலகத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்த தன் காரை லாரி இடித்துவிட்டதாம். மழை எப்போது பெய்தது, தெருவிளக்கு எரிந்ததா, லாரியின் பின்னால் என்ன எழுதியிருந்தது என்று அவள் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. கேட்காததற்கும் சொன்னார். அவர் பேசப் பேச அவளுக்குச் சிரிப்பு வந்தது. பொய்க்காரர்கள் எப்போதுமே இப்படித்தான். ஓட்டை தெரிந்த உடனே எதையாவது வைத்து அடைத்துவிடுவார்கள். நிஜமாகவே அடிபட்டு வந்தவர்கள்தான் பாதிக் கேள்விக்குத் திருதிருவென்று விழிப்பார்கள், தெரியல மேடம் என்பார்கள்.

தெரியலம்மா.

பேனா அவள் கையிலேயே நின்றது. எதிரில் இருந்தவர் லாரியின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. ரோஸ் கவுன் என்பதை மட்டும் மாற்றி நீலச்சட்டை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு மிளகு தப்பித்திருப்பாள். பொய் சொல்லத் தெரிந்த குழந்தையாக இருந்தால் அதைத்தானே சொல்லியிருக்கும்?

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுப் பெரிய பொம்மைக் கடைக்குள் நுழைந்தாள். வாசலிலேயே கடைப்பெண் ஒருத்தி சிரித்தபடி வந்தாள்.

"பையனா, பொண்ணா மேடம்?"

"எதுக்கு?"

"பையன்னா இந்தப் பக்கம், பொண்ணுன்னா அந்தப் பக்கம்."

அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். கடை நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு பக்கம் முழுக்க நீலமும் கறுப்பும். டைனோசர்கள் பல்லைக் காட்டின. கார்கள் நெருப்பு கக்கின. எந்தப் பெட்டியில் பார்த்தாலும் பையன்கள் எதையாவது இடித்துக்கொண்டோ கட்டிக்கொண்டோ இருந்தார்கள். இன்னொரு பக்கம் மிட்டாய் நிறத்தில் இருந்தது. அங்கே பெண் குழந்தைகள் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. தலை சாய்த்து, யாரோ பார்ப்பதற்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் தன் மகளையும் பார்த்தாள். அடுக்கடுக்காக ஏழெட்டு மிளகுகள், ஆளுக்கொரு வாணலியோடு.

அதில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் நீலப் பக்கம் நடந்தாள். கிரேன் பெட்டியைக் கண்டுபிடித்து, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் வெளிச்சம் உதைத்தது. பையனின் முகத்தில் வெளிச்சம் இடமிருந்து விழுந்தது. கையில் வலமிருந்து. இப்படிப்பட்ட படம் மேஜைக்கு வந்திருந்தால் டீ ஆறுவதற்குள் திருப்பி அனுப்பியிருப்பாள். அடுத்து சட்டையின் கை. மணிக்கட்டில் அது நேராக முடியவில்லை, பூ மாதிரி சுருங்கி விரிந்திருந்தது. சமையல் செட் பெட்டியில் மிளகின் கவுன் கையிலும் அதே சுருக்கம், அதே மடிப்பு. நிறம் மட்டும் நீலம். பையன் சட்டையில் யார் ஃபிரில் வைத்துத் தைப்பார்கள்?

விரலைக் கடைசியாகத்தான் பார்த்தாள். பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கையின் சுண்டுவிரல் மேல்கணுவில் உள்பக்கமாக வளைந்திருந்தது. பிறந்த அன்றே நர்ஸ் அதைக் காட்டி, ஒண்ணும் பயமில்ல, சில குழந்தைகளுக்கு இப்படி இருக்கும் என்றிருந்தாள். எத்தனையோ தடவை நகம் வெட்டிவிட்ட விரல்.

"எடுத்துக்கறீங்களா மேடம்? பையனுக்குத்தானே?" என்று கடைப்பெண் குனிந்து கேட்டாள்.

"பொண்ணுக்கு" என்றாள். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. வேறு யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் மதியம் கிரேன் பெட்டியோடு தங்கையின் அலுவலகத்தில் போய் நின்றாள். காபி மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு உயரமான ஸ்டூல்கள். தங்கை பெட்டியைப் பார்த்த உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். அவள் முகத்தை மாற்றிக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறவள் அக்கா.

"இது யார் கை?"

"உட்காருக்கா முதல்ல."

"யார் கைன்னு கேட்டேன்."

தங்கை காகிதக் கோப்பையின் விளிம்பை நகத்தால் கீறினாள். "கிரேனுக்கு வந்த பையன் அழுதுட்டே இருந்தான். கைப்பிடியைத் தொடவே பயந்தான். நம்ம மிளகு சும்மா போய் உட்கார்ந்து அதைச் சுத்த ஆரம்பிச்சா. எவ்ளோ அழகாச் சுத்தினா தெரியுமா? நாக்கைத் துருத்திக்கிட்டு. போட்டோகிராஃபர் எடுத்துத் தள்ளிட்டார். எடுத்ததுலேயே அதுதான் நல்ல படம்."

"அப்புறம்?"

"கம்பெனிக்காரங்க ஒத்துக்கல. பொண்ணு படம் போட்டா பையனைப் பெத்தவங்க தொடவே மாட்டாங்களாம். பையன் படம் போட்டா பொண்ணைப் பெத்தவங்க சிலராவது வாங்குவாங்களாம். மறுபடி எடுக்க நேரமில்ல. அதான்..."

"தலையை வெட்டிட்டீங்க."

"வெட்டலக்கா. மாத்தினோம்." சொல்லிவிட்டு அவளே அந்த வார்த்தையைக் கேட்டவள் மாதிரி நிறுத்தினாள். "எங்க வேலைல இதெல்லாம் தினமும் நடக்கறது. நான் ஒத்தையா நின்னு என்ன சொல்ல முடியும்? சொல்லிப் பார்த்தேன், சிரிச்சாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? மெசேஜ்ல கேட்டப்ப ஞாபகம் இல்லன்னியே."

"உங்கிட்ட சொன்னா நீ கேஸ் போடுவ. அதான் அத்தானும்..."

காபி மெஷின் உறுமிவிட்டு ஓய்ந்தது. தங்கை கோப்பையைக் கீழே வைத்தாள். இனி அந்தச் சொல்லை விழுங்க முடியாது என்று இருவருக்கும் தெரிந்தது.

"அத்தானும்?"

"அவர்கிட்ட கேட்டுட்டுத்தான்க்கா செஞ்சேன். அவர் சரின்னார். உன்கிட்ட சொல்ல வேணாம், பூதக்கண்ணாடியோட கிளம்பிடுவன்னு சிரிச்சார். அவ்வளவுதான்."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்த நீலச்சட்டைப் பையன் வழி முழுக்க அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் யார் பெற்ற பிள்ளையோ. அன்றைக்கு அழுதுகொண்டிருந்தவன். அவனுக்கும் இந்தக் கை தன்னுடையது இல்லை என்று தெரிந்திருக்கும். அவன் தன் வீட்டில் என்ன சொல்லியிருப்பான்? யாராவது கேட்டிருப்பார்களா? நிறுத்தம் வந்ததையும் கவனிக்காமல் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தாள். கரண்டிச் சத்தம் ஒரு நொடி நின்றதே, அது காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். மிளகு பாட்டு வகுப்பிலிருந்து இன்னும் வரவில்லை. அவள் பெட்டியை வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். "உன் தங்கச்சி சொல்லிட்டாளா?"

"அன்னிக்கு மிளகு உங்களைப் பார்த்தா. நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தா."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"நீ கேட்டுட்டு இருந்த விதத்தைப் பார்த்தா எனக்கே பயமா இருந்துச்சு. உன் முன்னாடி வந்து உட்கார்ந்தா உண்மையும் பொய் மாதிரிதான் வெளிய வருது. நடுவுல வந்து எனக்கு முன்னாடியே தெரியும்னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள நீ அவளைக் கூட்டிட்டுப் போயிட்ட. அப்புறம் சொல்றதுக்கு வாயே வரல."

அவன் சொன்னதில் அவளுக்கு உறைக்கிற ஒன்று இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாள்.

"சரி, முதல்ல எப்படிச் சரின்னு சொன்னீங்க?"

"அதுல என்ன பெரிய விஷயம் இருக்குன்னு தோணுச்சு. அதான் கிச்சன் செட்ல முகம் வந்திருக்கேன்னு..."

"நமக்குப் பிறந்தது பையனா இருந்து, அவன் தலையை எடுத்துட்டு ஒரு பொண்ணு தலையை ஒட்டியிருந்தா? அப்பவும் சரின்னிருப்பீங்களா?"

அவன் கத்தியை மறுபடி எடுத்தான். பிறகு வெங்காயத்தைப் பார்த்தான். கண்ணில் நீர் வந்திருந்தது, அது வெங்காயத்தினாலா என்று அவளுக்கு உடனே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தின் மேலேயே அவளுக்கு ஒரு அலுப்பும் வந்தது.

மிளகு வந்ததும் பையைக்கூடக் கழற்ற விடாமல் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அப்பா, "நான்தான் கண்ணு தப்பு பண்ணேன்" என்றான். அம்மா பெட்டியைத் திருப்பி, ஃபிரிலைக் காட்டி, சுண்டுவிரலைக் காட்டி, "நீ சொன்னதுதான் நிஜம். இது உன் கை. அம்மாதான் நம்பல" என்றாள்.

மிளகு பெட்டியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இருவருக்கும் என்ன பதில் வேண்டும் என்று தேடுகிற பார்வை.

"இது என் கை இல்ல" என்றாள்.

"இல்லடா, நல்லாப் பாரு. உன் விரல்..."

"பையன் கை. எழுதியிருக்குல்ல, அவன் கட்டுவான்னு." விரல் வைத்துப் படித்துக் காட்டினாள், பள்ளிக்கூடத்தில் படிப்பது போல. பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, "நான் அன்னிக்கே ஸாரி சொல்லிட்டேனே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மிளகை அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். வர மாட்டேன் என்று மிளகு சொல்லவில்லை. கால்சட்டைப் பைகளுக்குள் கைகளைத் திணித்துக்கொண்டு வந்து நின்றாள். எதிர்வீட்டு அம்மா ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடி கதவைத் திறந்தாள்.

"அன்னிக்கு இவ பொய் சொன்னான்னு சொல்ல வச்சேன். இவ பொய் சொல்லல. அந்தப் பெட்டில இருக்கறது இவ கைதான். முகத்தை மட்டும் மாத்திட்டாங்க. இவ்வளவு நாள் கழிச்சு வந்து சொல்றேன், மன்னிச்சுக்குங்க."

"அட, அப்படியா!" அந்த அம்மா ஒரு புருவத்தைத் தூக்கினாள். "அப்படில்லாமா பண்றாங்க? நிஜமாவா? எங்க கண்ணு, கையைக் காட்டு. பெட்டி உள்ளதான் இருக்கு, வச்சுப் பாத்துடலாம்."

மிளகின் கைகள் பைக்குள்ளேயே இருந்தன. தோள்கள் லேசாக உயர்ந்தன.

காட்டிவிட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகும். ஃபிரில் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, சுண்டுவிரல் இருக்கிறது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான ஆதாரம் எந்தக் கேஸிலும் கிடைத்ததில்லை. குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"வேணாங்க. அவ காட்ட வேணாம். அவ சொன்னாளே, அது போதும்."

"சரி, சரி" என்றாள் எதிர்வீட்டு அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாத்துச் சொல்றோம் சார் என்று ஆட்களை அனுப்பி வைக்கும்போது அவள் முகத்தில் இருப்பதும் அதுதான். இந்தப் பக்கம் நின்று பார்க்க அது எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

உள்ளே கூடத்திலிருந்து டக், டக், டக் என்று பல்சக்கரம் ஏறுகிற சத்தம் வந்தது. பிறகு கயிறு எங்கேயோ சிக்கி நின்றுவிட்டது. பையன் ஏதோ முணுமுணுத்தான். மறுபடி டக், டக். மறுபடி நின்றது.

மிளகு ஒரு காலை எடுத்து வைக்காமலேயே, அந்த அம்மாவின் இடுப்பைத் தாண்டி உள்ளே தெரிகிற அளவுக்குத் தலையை மட்டும் சாய்த்தாள். பைக்குள் அவள் கை, ஒரு முறை பின்பக்கமாக, பிறகு மெதுவாக முன்பக்கமாக, துணியை இழுத்துக்கொண்டு சுழன்றது.